ஈசானிய மூலை

கலியம்மாள் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. அவள் கணவர் சடையப்பனுக்குத்தான் அந்த வீட்டில் வழி தெரியவில்லை.

வீடு நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, வடக்குத்து என்ற ஊரில். சடையப்பன் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும் என்பது நெய்வேலியில் பிறந்த பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும், கல்யாணமான புதிதில் குடிபோன வீட்டை, ஒரே பிள்ளை சிவசங்கர் தவழ்ந்த வீட்டைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்த அன்று சடையப்பன் சாப்பிடவில்லை. கலியம்மாளுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தக் குவார்ட்டர்ஸை அவள் வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறாள். அடுப்படியில் ஒருத்தி நின்றால் இன்னொருத்தி நுழைய முடியாது. சாமிக்கென்று தனி இடம் கிடையாது. அடுப்படி அலமாரியில் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் முருகனும் லட்சுமியும் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் ஒழுங்காக இருந்ததே இல்லை. கம்பெனியின் சிவில் ஆபீசில் புகார் கொடுத்தால் ஆள் வருவான், தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பான், போய்விடுவான். அதனால் யார் உள்ளே இருந்தாலும் வெளியே காலடிச் சத்தம் கேட்டதும் மக்கை எடுத்து வாளியில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அதுதான் தாழ்ப்பாள்.

சொந்த வீடு கட்டும்போது அந்தக் கடனையெல்லாம் ஒரேயடியாகத் தீர்த்துக்கொண்டாள் கலியம்மாள். பண்ருட்டியிலிருந்து வாஸ்து பார்ப்பவரை வரவழைத்தாள். தெற்குப் பார்த்த வாசல். உள்ளே நுழைந்தால் ஹால், வலப்பக்கம் அக்கினி மூலையில் அடுப்படி, அதைத் தாண்டினால் ஈசானிய மூலையில் தேக்குக் கதவு போட்ட பூஜை அறை. கழிப்பறை எதிர்ப்பக்கம், இடக்கைக் கோடியில். சடையப்பன் எதிலும் தலையிடவில்லை. உனக்குப் பிடித்தால் சரி என்று சொல்லிவிட்டார். மனிதர் அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்கிறாரே என்று அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

வீட்டுக்கு வந்து கொஞ்ச காலத்தில் அவருக்குத் தலைவலி ஆரம்பித்தது. பிறகு இடது காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்து வந்தார். கண்ணாடியை மாற்றிப் பார்த்தார்கள், கழுத்துக்குப் பட்டை போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் புதுச்சேரியில் தலையைப் படம் எடுத்தபோது மூளையின் வலப்பக்கத்தில் கட்டி இருந்தது. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். நல்ல வேளையாக அது பொல்லாத கட்டி இல்லை. ஆனால் இடப்பக்கம் தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், பொறுமையாக இருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

இடப்பக்கம் என்றால் கையும் காலும் மட்டும் என்றுதான் கலியம்மாள் நினைத்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது, அவருக்கு உலகத்தில் இடப்பக்கம் என்று ஒன்றே இல்லாமல் போய்விட்டது. தட்டில் வலப்பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, ஏன் இவ்வளவு கொஞ்சமாக வைத்தாய் என்று கோபித்துக்கொள்வார். முகத்தில் பாதி மட்டும் சவரம் செய்துகொண்டு அழகு பார்ப்பார். முதல் தடவை கலியம்மாள் சிரித்துவிட்டாள். இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை.

தினமும் காலையில் ஸ்டெல்லா ஸ்கூட்டியில் வந்தாள். டவுன்ஷிப்பில் வளர்ந்த பெண்தான். மூளை அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக ஊர் திரும்பியவள். இப்போது வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கிறாள். வந்ததும் முதல் வேலையாக டிவியைத் தூக்கி இடப்பக்கம் வைத்தாள். பேசுகிறவர்கள் எல்லோரும் இனிமேல் ஐயாவுக்கு இடப்பக்கம் நின்றுதான் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டாள். தட்டின் இடது விளிம்பிலும் கதவு நிலையின் இடப்பக்கத்திலும் சிவப்பு டேப் ஒட்டி, சிவப்புத் தெரிகிற வரைக்கும் தலையைத் திருப்பச் சொன்னாள். படுக்கையிலிருந்து எழுந்ததும் நிற்கக் கூடாது. விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகே எழ வேண்டும். நடக்கும்போது இடது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது; இடுப்பில் பெல்ட் கட்டி அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறையத் தண்ணீர். ஆஸ்பத்திரியில் குழாய் போட்டிருந்ததில் ஒருமுறை சிறுநீரில் கிருமி ஏறிக் காய்ச்சல் வந்துவிட்டது. இன்னொரு முறை வந்தால் இதுவரை தேறியதெல்லாம் வீணாகிவிடும், வலிப்புகூட வரலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

தண்ணீர் விஷயத்தைக் கெடுத்தது கலியம்மாளின் வாய்தான்.

ஒருநாள் விடிந்ததும் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஹாலில் கட்டில் காலியாக இருந்தது. பூஜை அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே சடையப்பன் வலது கையால் சுவரைப் பிடித்தபடி, சாமி படங்களுக்கு எதிரே, லுங்கியைத் தூக்கிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். தரையெல்லாம் ஈரம்.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சாமி இருக்கிற இடம்கூடத் தெரியாமல் போய்விட்டதா, இதற்காகவா இந்த அறையைக் கட்டினேன், எனக்கென்று எதையும் விட்டுவைக்க மாட்டீர்களா என்று என்னென்னவோ கத்தினாள். சடையப்பன் குனிந்து ஈர லுங்கியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பாத்ரூமுக்குத்தான் வந்தேன்" என்றார்.

மஞ்சள் தண்ணீர் விட்டு மூன்று தடவை கழுவினாள். கழுவி முடித்த பிறகு வந்து மன்னிப்புக் கேட்பது போலக் காப்பி கொடுத்தாள். அவர் வாங்கவில்லை. அன்றைக்குச் சாத்திய வாய்தான். தண்ணீர் கொடுத்தால் தாகமில்லை என்பார். மாத்திரைக்கு ஒரு மடக்கு, அதோடு சரி. டயபர் கட்டினால் ஒற்றைக் கையாலேயே கிழித்துப் போட்டார். மண்ணுக்குள்ளே இறங்கி, மழையிலும் சேற்றிலும் கன்வேயர் பெல்ட்டைத் தூக்கி நிறுத்திய மனிதர். ஒன்றுக்குப் போவதற்கு ஒருத்தரைக் கூப்பிட வேண்டும் என்பதைவிடத் தாகத்தில் நாக்கு வறண்டு கிடப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

ஸ்டெல்லா அவர் உதட்டைப் பார்த்தாள், உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். நயமாகச் சொன்னாள், மிரட்டிச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. பெங்களூரிலிருந்து போனில் பேசிய சிவசங்கர் பட்டென்று முடிவு சொல்லிவிட்டான். அங்கே இந்த மாதிரி நோயாளிகளுக்கென்றே ஒரு மையம் இருக்கிறதாம், கவனித்துக்கொள்ள ஆண்கள் இருக்கிறார்களாம். அப்பாவை அங்கே சேர்த்துவிடலாம், அம்மா என்னோடு ஃபிளாட்டில் இருக்கட்டும், மாதம் பிறந்ததும் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றான். பிள்ளை சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் கலியம்மாளுக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் ஷிப்ட் ஷிப்டாக அவரைச் சுரங்கத்தோடு பங்கு போட்டுக்கொண்டு வாழ்ந்தாயிற்று. இனி முழுசாகத் தனக்குத்தான் என்று நினைத்தவள், அவரைப் பார்வையாளர் நேரத்தில் போய்ப் பார்ப்பதா? ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க வைக்கத் தெரியாமல் அவரைப் பறிகொடுக்கப் போகிறோம் என்று பயந்தாள்.

மறுநாள் ஸ்டெல்லா பயிற்சிக்கு நடுவே ஐயாவிடம் ஒரு கேள்வி கேட்டாள். பாத்ரூம் எங்கே இருக்கிறது, வழி சொல்லுங்கள் என்றாள்.

சடையப்பன் யோசிக்கவே இல்லை. வலது கையை நீட்டினார். "ஹால்ல நேரா போயி, அடுப்படி தாண்டி, சோத்தாங்கை பக்கம்."

ஸ்டெல்லா உதட்டைக் கடித்துக்கொண்டு, இல்லை ஐயா, இடக்கைப் பக்கம் என்று திருத்த ஆரம்பித்தாள். அடுப்படி வாசலில் நின்ற கலியம்மாள் கரண்டியோடு ஹாலுக்கு வந்துவிட்டாள். அவர் சொன்ன வழி தப்பே இல்லை. அப்படியே குவார்ட்டர்ஸ் வழி. நேராகப் போய், அடுப்படி தாண்டி, சோத்தாங்கை பக்கம். இந்த வீட்டில் அந்த வழியில் போனால் பூஜை அறை வருகிறது, அவ்வளவுதான்.

"யம்மா ஸ்டெல்லா, அவரு வழி தவறல" என்றாள். "அவரு இன்னும் பழைய வூட்லயே நடந்துகினு இருக்காரு."

டவுன்ஷிப்பில் ஒரு டைப் வீட்டைப் பார்த்தால் அந்த டைப் வீடு எல்லாவற்றையும் பார்த்தது போலத்தான். போதையில் வேறு பிளாக்குக்குப் போய், அதே மாதிரி வாசலில் உட்கார்ந்து, அடுத்தவன் பெண்டாட்டியிடம் சோறு கேட்ட கதை ஒவ்வொரு பிளாக்கிலும் ஒன்று உண்டு. சடையப்பனோடு ஒரே கேங்கில் வேலை பார்த்த அய்யாசாமி இன்னும் சர்வீஸில் இருந்தார். அவர் குவார்ட்டர்ஸும் இவர்களுடைய பழைய வீட்டின் அதே டைப், பிளாக் மட்டும் வேறு. ஒருதடவை அங்கே கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாமா என்று கலியம்மாள் கேட்டாள். ஸ்டெல்லா கொஞ்சம் யோசித்துவிட்டு, தானும் கூட வருவதாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் போனார்கள். டவுன்ஷிப் வாசல் ஆர்ச்சைத் தாண்டியதும் சடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் மரங்கள், துப்புரவான சாலை, ரவுண்டானா. இந்தச் சாலையில்தான் சிவசங்கருக்கு அவர் சைக்கிள் கற்றுக்கொடுத்தார். பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு லுங்கி தடுக்கத் தடுக்க ஓடினார். வெயில் காலத்தில் பிளாக் முழுக்கப் பலாப்பழ வாசனை அடிக்கும். கம்பெனி பஸ் போகும் சத்தத்தை வைத்தே மணி சொல்லிவிடலாம். கலியம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தாள். இதையெல்லாம் ஒருநாளும் நினைத்ததில்லை என்றுதான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

அவர்களுடைய பழைய பிளாக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே பாதி வீடுகளில் ஆள் இல்லை. கதவையும் ஜன்னலையும் கழற்றியிருந்தார்கள். அவர்கள் வீட்டு ஹாலில் எருக்கஞ்செடி முளைத்து, ஜன்னல் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது. இதை அவர் பார்த்தால் தாங்குவாரா என்று பயந்து கலியம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். வீடு அவருடைய இடப்பக்கத்தில் வந்தது. அவர் பார்க்கவில்லை. அந்த ஒரே ஒரு முறை, அந்த நோய்க்கு அவள் மனசுக்குள் நன்றி சொன்னாள்.

அய்யாசாமி வாசலுக்கே வந்து, வாங்கண்ணே என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி மலர்கொடி நாற்காலி போட்டாள். சடையப்பன் உட்காரவில்லை. ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு நடந்தார். ஸ்டெல்லா இடுப்புப் பெல்ட்டில் ஒரு விரலை மட்டும் கோத்துக்கொண்டு இடப்பக்கமாகப் பின்னால் போனாள். ஹாலில் நேராகப் போனார். அடுப்படியைத் தாண்டினார். வலது கை, பார்க்காமலே, சுவரில் ஸ்விட்சைப் போட்டது. சோத்தாங்கை பக்கம் திரும்பினார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஸ்டெல்லா வாசலோடு நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பின்னாலேயே வந்த கலியம்மாள் அடுப்படியைத் தாண்டவில்லை. அதே மேடை, அதே கம்பி போட்ட ஜன்னல், அதே அலமாரி. அவள் கை தானாக மேலே போய், தீப்பெட்டி இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டது. தீப்பெட்டி இருந்தது. மலர்கொடி வைத்த தீப்பெட்டி. அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

எத்தனை காலை! பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், அவருக்கு ஷிப்ட், ஒரே கழிப்பறை. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே இந்த இடத்தில் நின்றுதான், "சீக்கிரம் வாங்க, பஸ்ஸு போயிடும்" என்று கத்துவாள். வேலை நாளென்றால் மக்குச் சத்தம் வரும். விடுமுறை நாளென்று அவள் மறந்துபோய்க் கத்தினால், "இன்னைக்கி ஆஃப்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். சொல்லிவிட்டு, அவளைக் கடுப்பேற்றுவதற்காகவே இன்னும் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அந்த மனிதருக்கு அவள் கோபப்படுவதைப் பார்ப்பதில் அப்படி ஒரு ஆனந்தம். குவார்ட்டர்ஸில் அவள் திட்டிய ஒவ்வொன்றும் இப்போது வேண்டியிருந்தது. மலர்கொடி பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல் அழுதாள்.

சடையப்பன் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு தெளிவு. "தண்ணி குடு" என்றார்.

சொம்பு நிறையக் கொடுத்தாள். முழுவதும் குடித்தார். கிளம்புவதற்கு முன்னால், யாரையும் கேட்காமல், இன்னொரு தடவை எழுந்து போய்வந்தார்.

வீட்டுக்கு வந்த கலியம்மாள் பூஜை அறையின் முன்னால் வெகுநேரம் நின்றாள். சாயங்காலம் கொத்தனார் சுபாஷுக்குப் போன் போட்டாள்.

கழிப்பறை கட்ட அவள் சொன்ன இடத்தைப் பார்த்ததும் சுபாஷ், வேண்டாம்மா, இடக்கைப் பக்கம் இருப்பதையே பெரிசாக்கித் தருகிறேன் என்றான். வாஸ்து பார்த்தவர், ஈசானியத்தில் கழிப்பறை வைத்த குடும்பம் விளங்கியதில்லை என்று போனிலேயே சாபம் விடுவது போலச் சொன்னார். திருவதிகையிலிருந்து அவள் அக்கா ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டாள். சிவசங்கருக்குச் செய்தி எட்டியதும், அம்மாவுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தான். கலியம்மாளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ராத்திரியெல்லாம் புரண்டாள். காலையில் குளித்து, கற்பூரம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, படங்களை ஒவ்வொன்றாக இறக்கி அடுப்படி அலமாரியில் வைத்தாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"அந்த வூட்ல சாமி பெருங்காய டப்பா பக்கத்துலதான் இருந்துச்சி. ஒரு நாளாவது கோச்சிகினு போச்சா? சாமிக்கு எந்த வூட்லயும் வழி தெரியும். இவருக்குத்தான் தெரியல."

பிள்ளையிடம் இரண்டு மாதம் மட்டும் தவணை கேட்டாள். அதற்குள் ஆகவில்லையென்றால் நீ சொன்னபடி செய் என்றாள். அவன் அரைமனதாகச் சரி என்றான்.

ஸ்டெல்லாவுக்கும் முதலில் முழுச் சம்மதமில்லை. பழைய வழியிலேயே விட்டால் இடப்பக்கத்தை அடியோடு மறந்துவிடுவாரே என்பது அவள் கவலை. கழிப்பறை வலப்பக்கம் இருக்கட்டும், மற்ற எல்லாம் இடப்பக்கம்தான் என்று பேசி முடித்தார்கள். சிவப்பு டேப் அப்படியே இருக்கும், டிவி இடப்பக்கமே இருக்கும். உள்ளே வெஸ்டர்ன் டாய்லெட், வலப்பக்கச் சுவரில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, வெளிப்பக்கம் திறக்கும் கதவு. விழுந்தால் உடனே உள்ளே போக வேண்டும், அதனால் தாழ்ப்பாளே கூடாது என்று ஸ்டெல்லா கண்டிப்பாகச் சொன்னாள். கலியம்மாள் சொன்னது இரண்டுதான்: ஸ்விட்ச் அய்யாசாமி வீட்டில் இருக்கிற அதே உயரத்தில் வேண்டும். வாளி கைக்கு எட்டுகிற மாதிரி வலப்பக்கம் வேண்டும்.

வேலை நடந்த நாட்களில் அய்யாசாமி ஷிப்டுக்கு முன்னாலும் பின்னாலும் வந்து உட்கார்ந்துகொண்டார். அவர் எதிரில் சிறுநீர் பாட்டிலைப் பிடிப்பதில் சடையப்பனுக்குக் கூச்சமில்லை. சுரங்கத்தில் பார்க்காததா என்பது போல இருவரும் பழைய கதை பேசிக்கொண்டே காரியத்தை முடித்தார்கள். தண்ணீர் உள்ளே போனது. கட்டி முடித்த பிறகு ஸ்டெல்லா தினமும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். பிறகு பெல்ட்டை விட்டுவிட்டுப் பக்கத்தில் நடந்தாள். பிறகு ஹாலிலேயே நின்றுகொண்டாள். தட்டில் இடப்பாதிச் சோறும் மெல்ல மெல்லக் காலியாக ஆரம்பித்தது. நாளையிலிருந்து ஐயா தனியாகப் போகட்டும், நான் வருகிறவரை காத்திருக்க வேண்டாம், நீங்கள் ஓடிப்போய்ப் பிடிக்கவும் வேண்டாம் என்று ஸ்டெல்லா ஒருநாள் கலியம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை. கலியம்மாள் அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கட்டில் கிறீச்சிட்டது. விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார், நல்லது. ஊன்றுகோல் சத்தம் நெருங்கியது, அடுப்படி வாசலைக் கடந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஸ்விட்ச் போடும் சத்தம். கதவுச் சத்தம். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

பால் பொங்கி வந்தது. அணைத்தாள். இன்னும் சத்தமில்லை. விழுந்துவிட்டாரோ, மயக்கமோ, வலிப்போ என்று மனசு எங்கெங்கோ ஓடியது. ஸ்டெல்லா சொன்னதெல்லாம் பறந்துபோனது. ஓடிப்போய்க் கதவில் கை வைத்தாள்.

உள்ளே மக்கு வாளியில் இரண்டு தட்டுத் தட்டியது.

சுட்டுவிட்டது போலக் கையை எடுத்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாய் மட்டும், பழகிய வாய், தானாகச் சொன்னது.

"சீக்கிரம் வாங்க, பஸ்ஸு போயிடும்."

உள்ளேயிருந்து, இழுத்தாற்போல, ஆனால் தெளிவாகப் பதில் வந்தது.

"இன்னைக்கி ஆஃப்."

அவர் எந்த வீட்டிலிருந்து பதில் சொன்னார் என்று கலியம்மாளுக்குத் தெரியவில்லை. ஞாபகம் பிசகிச் சொன்னாரா, அவளைக் கடுப்பேற்றச் சொன்னாரா என்றும் தெரியவில்லை. இன்னும் கால் மணி நேரம் ஆகும் என்று மட்டும் தெரியும். சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து கதவுக்கு வெளியே நின்றாள்.